இன்ஜின் கொதிக்கிறதா, முள் பொய் சொல்கிறதா? காரின் டெம்பரேச்சர் கேஜ், கூலிங் ஃபேன் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

சித்ரா பௌர்ணமி கிரிவலத்துக்காகச் சென்னையிலிருந்து காரில் கிளம்புகிறீர்கள். திண்டிவனம் தாண்டி, செஞ்சிக் கோட்டையை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி திருவண்ணாமலை சாலையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். வெளியே சித்திரை வெயில். உள்ளே ஏ.சி. முழு வேகத்தில். வழியில் இருக்கும் கீழ்பென்னாத்தூரை நெருங்கும்போது முன்னால் வண்டிகள் ஊர ஆரம்பிக்கின்றன. அப்போதுதான் கண்ணில் படுகிறது. டேஷ்போர்டில் எப்போதும் நடுவில் நிற்கும் டெம்பரேச்சர் முள், 'எச்' பக்கம் நகர்ந்திருக்கிறது.

"இன்னும் இருபது கிலோமீட்டர்தானே, மெல்ல ஓட்டிடலாம்" என்று வண்டியில் யாராவது ஒருவர் சொல்வார். "அது சும்மா முள்ளு பிரச்சினை, போன மாசமும் இப்படித்தான் காட்டுச்சு" என்று இன்னொருவர் சொல்வார்.

இரண்டாவது நபர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். டெம்பரேச்சர் முள் பொய் சொல்வது உண்டு. ஆனால் அது உண்மை சொல்லும் நாளில் அலட்சியமாக ஓட்டினால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை இன்ஜினையே இறக்கும் செலவில் போய் நிற்கும். எது பொய், எது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் வண்டியை ஓரம் கட்டுங்கள்

காரணத்தை அப்புறம் தேடலாம். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ, சிவப்பு டெம்பரேச்சர் விளக்கு எரிந்தாலோ, பானெட்டில் ஆவி வந்தாலோ பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆவி அடங்கும்வரை பானெட்டைத் திறக்க வேண்டாம்.

முள் நடுவைத் தாண்டி லேசாக மட்டும் ஏறியிருக்கிறது, ஆவி எதுவும் இல்லை என்றால் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். தமிழ்நாட்டில் பலரும் தொட்டே பார்க்காத பட்டன் அது. சூடான கூலன்ட் ஹீட்டர் வழியாகவும் ஓடுவதால், அது ஒரு குட்டி ரேடியேட்டர் மாதிரி வேலை செய்து இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வெளியே எடுக்கும். உங்களுக்கு வியர்க்கும், இன்ஜின் பிழைக்கும். அப்படியும் முள் இறங்கவில்லை என்றால் நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரமே கூடாது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே கூலன்ட் அழுத்தத்தில் இருக்கிறது. தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் அந்த அளவு 125 டிகிரிக்கு மேல் போகும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும், அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் பாயும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். மேல் ஹோஸைத் தொட்டால் சுடாத நிலை வந்த பிறகு, கனமான துணியைப் போட்டு மெதுவாகத் திறக்கலாம். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை: பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். அங்கே கையோ துப்பட்டாவோ போக வேண்டாம்.

அந்த முள் எதை அளக்கிறது?

முள் நேரடியாகச் சூட்டை அளப்பதில்லை. கூலன்ட் ஓடும் பாதையில், பொதுவாகத் தெர்மோஸ்டாட் பக்கத்தில், விரல் அளவு சென்சார் ஒன்று திருகப்பட்டிருக்கும். அதன் உள்ளே இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பரவலாகப் பயன்படும் ஒரு வகை சென்சாரில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருக்கும் மின்தடை, 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு வந்துவிடும். இந்த மின்தடையைத்தான் கார் வெப்பநிலையாக மொழிபெயர்த்து முள்ளில் காட்டுகிறது.

ஆகவே சென்சார் கெட்டாலும், அதன் வயர் அறுந்தாலும், கனெக்டரில் துரு பிடித்தாலும், எர்த் சரியில்லை என்றாலும் முள் தப்பாகக் காட்டும். இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

புதிய கார்களில் இன்னொரு சிக்கல். முள் சும்மா சும்மா ஆடினால் வண்டி வைத்திருப்பவர் பயப்படுவார் என்பதால், பல நிறுவனங்கள் அதை மென்பொருள் மூலம் நடுவிலேயே நிறுத்தி வைக்கின்றன. கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 105 டிகிரியில் இருந்தாலும் முள் அசையாது. அதாவது, அது நடுவைத் தாண்டி நகர்கிறது என்றாலே நிலைமை கொஞ்சம் முற்றிவிட்டது என்று அர்த்தம். பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, சூடு மிஞ்சினால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

ஒரு கோளாறா, இரண்டு கோளாறா?

"முள்ளும் தப்பா காட்டுது, ஃபேனும் ஒழுங்கா ஓடலை சார்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வோம். இரண்டு பிரச்சினை என்று நினைத்து இரண்டையும் மாற்றுவார்கள். பல நேரங்களில் இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கும்.

பழைய கார்பரேட்டர் கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சார், ஃபேனுக்குத் தனியாக ஒரு தெர்மோ சுவிட்ச் என்று இரண்டு தனித்தனிப் பாதைகள் இருந்தன. ஒன்று கெட்டாலும் இன்னொன்று வேலை செய்யும். இன்றைய பெரும்பாலான கார்களில் ஒரே சென்சாரின் தகவல் இ.சி.யூ. எனும் கணினிக்குப் போகிறது. முள்ளை நகர்த்துவதும், ஃபேனை ஓட விடுவதும், எவ்வளவு பெட்ரோல் தெளிக்கலாம் என்று தீர்மானிப்பதும் அந்தக் கணினிதான். எனவே அந்த ஒரு சென்சார் கெட்டால் முள் தப்பாகக் காட்டும், ஃபேன் நிற்காமல் ஓடும், மைலேஜ் குறையும், காலையில் ஸ்டார்ட்டிங் சிரமமாகும், செக் இன்ஜின் விளக்கும் எரியும். ஐந்து புகார்கள், ஒரே காரணம்.

வண்டியில் எந்த அமைப்பு இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வது அதனால்தான் முக்கியம். ஓனர்ஸ் மேனுவலிலோ, தெரிந்த மெக்கானிக்கிடமோ கேட்டாலே போதும்.

முள் பொய் சொல்கிறதா? ஐந்து சோதனைகள்

1. காலையில் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்டும் வெளிக்காற்றும் ஒரே சூட்டில் இருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். அப்போதே முள் நடுவிலோ 'எச்' பக்கமோ போனால் சென்சார், வயர், மீட்டர் ஆகியவற்றில் ஒன்று பொய் சொல்கிறது. குளிர்ந்த இன்ஜின் கொதிக்க வாய்ப்பே இல்லை.

2. போனில் பாருங்கள். 2013-க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் புளூடூத் அடாப்டரைச் செருகினால் கூலன்ட் வெப்பநிலை போன் திரையில் டிகிரி கணக்கில் தெரியும். போனில் 92 டிகிரி, டேஷ்போர்டில் 'எச்' என்றால் மீட்டர் பக்கம் கோளாறு. போனில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் சிரிக்க வேண்டாம். சென்சார் வயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. பி0118 என்ற கோட் வந்தால் சென்சார் சர்க்யூட் அறுந்திருக்கலாம். பி0117 வந்தால் ஷார்ட் ஆகியிருக்கலாம். ஆனால் போன் காட்டுவதும் அதே சென்சாரின் கணக்குதான் என்பதை மறக்கக் கூடாது.

3. வெளியிலிருந்து அளந்து பாருங்கள். தெர்மோஸ்டாட் இருக்கும் உலோக மூடியில் இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டரைக் காட்டி அளக்கலாம். உலோகத்தின் வெளிப்புறம் உள்ளே இருப்பதைவிடச் சில டிகிரி குறைவாகவே காட்டும், பளபளப்பான உலோகமாக இருந்தால் இன்னும் தப்பும். ஆனாலும் அங்கே 85 டிகிரி, முள்ளில் சிவப்பு என்றால் யார் பொய் சொல்வது என்று தெரிந்துவிடும்.

4. ஹெட்லைட்டைப் போடுங்கள். ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. ப்ளோயர் ஆன் செய்யும்போதெல்லாம் முள் துள்ளுகிறதா? எர்த் வயரில் பிரச்சினை. பழைய வண்டிகளில் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே ஏறி இறங்கினால், மீட்டருக்குச் சீரான வோல்டேஜ் தரும் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம்.

5. வயரைக் கழற்றிப் பாருங்கள். ஒற்றை வயர் சென்சார் உள்ள பழைய கார்களுக்கு மட்டும் இது. சாவியை ஆன் செய்து, சென்சார் வயரைக் கழற்றினால் முள் 'சி'க்கு விழ வேண்டும். அந்த வயரை இன்ஜின் பாடியில் ஒரு நொடி தொட வைத்தால் 'எச்' பக்கம் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சென்சாரில். கணினி உள்ள கார்களில் இதைச் செய்யக் கூடாது.

முள் திடீரென இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள்

இதுதான் பலரை ஏமாற்றும் இடம். 'எச்'சில் நின்ற முள் சட்டென்று 'சி'க்கு வருகிறது. "அப்பாடா, ஆறிடுச்சு" என்று ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறோம். உண்மையில் ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுக்க வெளியே போயிருக்கலாம். சென்சார் கூலன்டில் மூழ்கி இருந்தால்தான் சரியாக அளக்கும். சுற்றிலும் வெறும் காற்று இருந்தால் குறைவாகக் காட்டும். இன்ஜின் அதன் உச்சச் சூட்டில் இருக்கும்போது முள் 'குளுகுளு' என்று சொல்லும் ஆபத்தான நேரம் இது.

முள் தாறுமாறாக ஏறி இறங்கினாலும் இதே சந்தேகம் வர வேண்டும். கூலன்ட் குறைந்திருக்கலாம், அல்லது மாற்றும்போது உள்ளே காற்று அடைத்திருக்கலாம். அதனால் எந்தச் சோதனைக்கும் முன்னால், வண்டி ஆறிய பிறகு ரிசர்வ் பாட்டிலில் கூலன்ட் இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் முள்ளைச் சந்தேகிக்க வேண்டாம். கசிவைத் தேடுங்கள்.

ஃபேன் எப்போது ஓட வேண்டும்?

பழைய அம்பாசடரில் ஃபேனை இன்ஜினே பெல்ட் மூலம் சுற்றும். இன்ஜின் ஓடினால் ஃபேனும் ஓடும். முன்சக்கர டிரைவ் கார்களில் இன்ஜின் குறுக்காக இருப்பதால் அப்படிப் பெல்ட் போட வழியில்லை. எலெக்ட்ரிக் மோட்டாரே ஃபேனைச் சுற்றுகிறது. மாடலைப் பொறுத்துக் கூலன்ட் ஏறத்தாழ 95 முதல் 105 டிகிரி வரும்போது ஆன் ஆகும், சில டிகிரி குறைந்ததும் நிற்கும். ஆகவே ஃபேன் சும்மா நிற்பதே கோளாறு ஆகாது.

எங்கே சூடாகிறது என்பதே பாதிப் பதில். நெடுஞ்சாலையில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஃபேன் பெரிதாகத் தேவைப்படாது. செஞ்சியிலிருந்து முள் நடுவிலேயே நின்று, கீழ்பென்னாத்தூரில் வண்டிகள் ஊரும்போது ஏறுகிறது, நெரிசல் தாண்டியதும் இறங்குகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன். நேர்மாறாக, காலியான சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சூடாகிறது என்றால் ஃபேனை விட்டுவிடுங்கள். அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், குறைந்த கூலன்ட் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபேன் ஓடவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

முதலில் இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏ.சி. கம்ப்ரஸர் ஓடும்போது ஃபேனும் ஓடும். ஏ.சி. போட்டால் ஓடுகிறது, இன்ஜின் சூடானால் மட்டும் ஓடவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சென்சாரோ, தெர்மோ சுவிட்சோ காரணமாக இருக்கலாம். சில கார்களில் ஏ.சி.க்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று என இரண்டு ஃபேன்கள் இருக்கும். எது ஓடுகிறது என்று சரியாகக் கவனியுங்கள்.

ஏ.சி. போட்டும் ஓடவில்லையா? அடுத்தது ஃபியூஸ். மூடியின் உள்பக்கம் இருக்கும் படத்தில் ஃபேன் ஃபியூஸ் எது என்று போட்டிருக்கும். புது ஃபியூஸ் போட்டதும் மறுபடி போய்விட்டால் பெரிய ஃபியூஸைப் போட வேண்டாம். மோட்டார் இறுகி அதிகக் கரன்ட் இழுக்கிறது அல்லது வயர் எங்கோ ஷார்ட் ஆகிறது.

பிறகு ரிலே. அதே பாக்ஸில் ஹாரனுக்கோ வேறெதற்கோ அதே எண் கொண்ட ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் பழைய ரிலேதான் வில்லன்.

கடைசியாக மோட்டார். ஃபேன் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த வயர் மூலம் நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் மோட்டார் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. சுற்றுகிறது, ஆனால் கனெக்டருக்கு மின்சாரம் வரவில்லை என்றால் குறை வயரிங்கில். இதை மெக்கானிக்கோ ஆட்டோ எலெக்ட்ரீஷியனோ செய்வது நல்லது.

புது மோட்டார் போட்ட பிறகும் சூடாகிறதா? வயர் மாறிப்போய் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றலாம். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். முன் கிரில் பக்கம் ஒரு தாளைக் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, தள்ளிவிட்டால் தப்பு.

ஃபேன் நிற்காமல் ஓடுகிறதா?

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே ஃபேன் முழு வேகத்தில் ஓடினால், சென்சார் சிக்னல் நம்பும்படி இல்லை என்று கணினி முடிவு செய்திருக்கலாம். சூடு எவ்வளவு என்று தெரியாதபோது ஃபேனை ஓடவிடுவதே பாதுகாப்பு என்று அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ரிலே ஒட்டிக்கொண்டாலும் இப்படி ஓடும். சாவியை எடுத்த பிறகும் வெகுநேரம் நிற்கவில்லை என்றால் ரிலேயைப் பாருங்கள், இல்லையென்றால் காலையில் பேட்டரி காலியாக இருக்கும்.

'டைரக்டா கொடுத்துடலாம் சார்' என்றால்?

இரண்டு குறுக்குவழிகள் ரொம்பப் பிரபலம். ஒன்று, ஃபேனுக்கு டைரக்ட் கனெக்‌ஷன் கொடுத்து டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைப்பது. வழியில் மாட்டிக்கொண்டால் ஊர் சேர இது உதவும். ஆனால் நிரந்தரமாக வைத்தால், சுவிட்சைப் போட மறந்த ஒரு நாள் போதும். ஃபியூஸ், ரிலே இல்லாமல் மெல்லிய வயரில் கொடுத்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

இன்னொன்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்?" என்பார்கள். தெர்மோஸ்டாட்டின் வேலை குளிர வைப்பதல்ல, இன்ஜினைச் சரியான சூட்டில் வைத்திருப்பது. அது இல்லாவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். பி0128 என்ற கோடுடன் செக் இன்ஜின் விளக்கும் எரியலாம். தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்தால் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். வால்வு திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதிது மாற்றுங்கள்.

மூன்றாவதாக ஒன்று, நாமே செய்வது. ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவது. வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் வாட்டர் பாட்டில் பரவாயில்லை. ஊர் போனதும் முறையான கூலன்ட் நிரப்பிவிட வேண்டும்.

அலட்சியத்தின் விலை என்ன?

எரிபொருள் தரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் கூலன்டில்தான் இறங்குகிறது. அதை வெளியேற்ற முடியாவிட்டால் முதலில் பாதிக்கப்படுவது அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட். சூட்டில் அலுமினியம், வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், ஆயிலும் கூலன்டும் கலந்துவிடும். ஆயில் டிப் ஸ்டிக்கில் பால் கலந்த டீ நிறம் தெரிந்தால், சைலன்சரில் இனிப்பு வாசனையுடன் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், அதற்கு மேல் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்?

"வண்டி ஹீட் ஆகுது" என்று மட்டும் சொன்னால், ரேடியேட்டரிலிருந்து வாட்டர் பம்ப் வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் நிலை வரலாம். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: "டிராஃபிக்ல மட்டும்தான் ஏறுது, ஹைவேல இறங்கிடுது. கூலன்ட் குறையலை. ஏ.சி. போட்டா ஃபேன் ஓடுது, சும்மா சூடானா ஓடலை." இந்த மூன்று வரியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பார்ட் மாற்றும் முன், "என்ன டெஸ்ட் பண்ணீங்க, ரீடிங் எவ்வளவு வந்துச்சு?" என்றும் கேளுங்கள்.

கீழ்பென்னாத்தூரில் நிறுத்திய அந்தக் காருக்குத் திரும்புவோம். நெரிசலில் ஏறிய முள், பாட்டிலில் குறையாத கூலன்ட், ஏ.சி. போட்டும் சுற்றாத ஃபேன். பக்கத்தில் இருந்த ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டதும் ஃபேன் சுற்றுகிறது என்றால், முள் சொன்னது உண்மை, கெட்டது ஒரு சின்ன ரிலே. முள் ஏறியபடியே இருக்க, இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டர் 88 டிகிரி காட்டினால், இன்ஜின் நலம், பொய் சொன்னது சென்சார். இரண்டில் எதுவானாலும் அரை மணி நேரத் தாமதம்தான்.

எது என்று தெரியவில்லையா? முள் உண்மை சொல்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இருபது கிலோமீட்டருக்கு டாக்ஸியோ பஸ்ஸோ கிடைக்கும். வண்டி டோ ஆகி வரட்டும், நீங்கள் கிரிவலத்தை ஆரம்பியுங்கள்.